வெல்வெட் உறை போட்ட குமிழ்

எங்கள் குடும்பத்து வண்டியை இதுவரை ஒரே ஒரு தடவைதான் கயிறு கட்டி இழுத்திருக்கிறார்கள். அதைப் பற்றி வீட்டில் யாரும் பேச நான் அனுமதிப்பதில்லை. ஆனாலும் மோட்டார் மாற்றிய கதையை அங்கிருந்து தொடங்காவிட்டால் யாருக்கும் ஒன்றும் விளங்காது. அதனால் இந்த ஒரு முறை நானே விதியைத் தளர்த்துகிறேன்.

மகளுக்குக் கல்யாணமாகி இருபது நாள் இருக்கும். நானும் மனைவியும் முதன்முறையாகச் சம்பந்தி வீட்டுக்குக் காரில் போனோம். அவர் வீடு ஒரு மேட்டின் உச்சியில் இருக்கிறது. தார் ரோடு அடிவாரத்தோடு நின்றுவிடும். அதற்கு மேலே ஒன்றரை கிலோமீட்டர் களிமண் ஏற்றம், மூன்று வளைவு. முந்தின நாள் மழை பெய்திருந்தது. இரண்டாவது வளைவில் என் கார் சேற்றில் உட்கார்ந்துவிட்டது. நான் எஞ்சினை உறுமவிட உறுமவிட அது இன்னும் வசதியாக உட்கார்ந்தது.

மேலிருந்து டிராக்டர் சத்தம் கேட்டது. சம்பந்தி வந்தார். அவருடைய டிராக்டர் இருக்கைக்குப் பின்னால் எப்போதும் ஒரு மஞ்சள் கயிறு சுருட்டி வைத்திருப்பார். "எறங்காதீங்க சம்பந்தி, செருப்பு கெட்டுடும். நீங்க பாட்டுக்கு உக்காருங்க," என்றார். மரியாதைக் குறைவாக ஒரு வார்த்தை சொல்லவில்லை. அதுதான் எனக்கு அதிகமாகச் சுட்டது. முப்பத்தோரு வருஷம் பதிவு அலுவலகத்தில் கண்காணிப்பாளராக இருந்தவன், நான் வந்தால் எழுந்து நிற்காத நாற்காலி கிடையாது. அப்படிப்பட்டவன் ஸ்டீயரிங்கைப் பிடித்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருக்க, என் கார் கன்றுக்குட்டி மாதிரி அவர் டிராக்டருக்குப் பின்னால் போனது. யாரோ போட்டோ எடுத்தார்கள். அடுத்த முறை நான் போனபோது அந்தப் படம் சட்டம் போட்டு அவர் வீட்டுக் கூடத்தில், வாசலுக்கு நேர் எதிரே தொங்கியது.

அந்த மாதமே காரை விற்றுவிட்டு டிரக் வாங்கினேன். நான்கு சக்கரமும் இழுக்கிற, பின்னால் சாமான் ஏற்றத் திறந்த தொட்டி உள்ள டிரக். சம்பந்தியிடமும் அதே கம்பெனி டிரக் ஒன்று இருந்தது. என்னுடையது ஒரு வருஷம் புதிய மாடல். இதை நான் யாரிடமும் பெருமையாகச் சொன்னதில்லை. கேட்டவர்களிடம் மட்டும் சொன்னேன். கேட்காதவர்களுக்குக் கேட்கத் தோன்றும்படி பேசினேன்.

ஸ்டீயரிங்குக்குப் பக்கத்தில் ஒரு குமிழ் இருக்கும். அதை 'இரண்டு' என்ற இடத்திலிருந்து 'நான்கு' என்ற இடத்துக்குத் திருப்பினால் முன் சக்கரங்களும் சேர்ந்து இழுக்கும். சாதாரண ரோட்டுக்கு இரண்டே போதும். எங்கள் வீட்டு வழக்கம் என்னவென்றால், நல்ல பொருளைப் புழங்கித் தேய்க்க மாட்டோம். கூடத்து சோபாவில் கடைக்காரர் போட்ட பிளாஸ்டிக் உறை இன்னும் இருக்கிறது. பன்னிரண்டு பேர் சாப்பிடும் பீங்கான் தட்டு வரிசை கண்ணாடி அலமாரியில் இருக்கிறது. பன்னிரண்டு பேருக்குத் தகுதி வர வேண்டும் அல்லவா. என் அப்பாவின் பேனாவில் மையே ஊற்றியதில்லை. அதனால் அந்தக் குமிழையும் யாரும் தொடக் கூடாது என்று முதல் நாளே சொல்லிவிட்டேன். மனைவியிடம் சொல்லி அதற்குச் சிவப்பு வெல்வெட்டில் சின்ன உறை தைத்துப் போட்டேன். விருந்தாளிகளுக்கு வண்டியைக் காட்டும்போது உறையை எடுத்துக் காண்பித்து, மறுபடி போட்டுவிடுவேன்.

ஏழு வருஷம் இப்படி நிம்மதியாகப் போனது. சம்பந்தி வீட்டுக்குக் கோடையில் மட்டும்தான் போனோம். காய்ந்த மண்ணில் இரண்டு சக்கரமே ஏறிவிடும். மழைக்காலத்தில் எனக்கு முழங்கால் வலி வந்துவிடும்.

இந்த வருஷம் மகளும் மாப்பிள்ளையும் அதே மேட்டில், அவர் அப்பா வீட்டுக்கு அடுத்தாற்போல் தனி வீடு கட்டினார்கள். ஞாயிற்றுக்கிழமை குடிபோவது என்று முடிவானது. எங்கள் அப்பாவின் ஆறு கதவு தேக்கு அலமாரியை மகளுக்குத் தருவதாக நான் எப்போதோ சொல்லியிருந்தேன். போனில் மகள் தயங்கித் தயங்கிப் பேசினாள். ஒரு வாரமாக மழையாம். கல்லும் மணலும் ஏற்றி வந்த லாரிகள் பாதையை உழுது போட்டுவிட்டனவாம்.

"அலமாரிய அடிவாரத்துலயே எறக்கிடுங்கப்பா. மாமா டிராக்டர்ல கட்டி ஏத்திக்கறேன்னு சொல்றாரு. உங்க வண்டியையும் வேணும்னா..."

"நம்ம வண்டி தானா ஏறும்," என்றேன். "உங்க மாமாகிட்ட சொல்லிடு. கயித்த வீட்டுலயே வச்சிட்டு வரச் சொல்லு."

சொன்னால் சொன்னதுதான். போனை வைத்த பிறகு மனைவி கேட்டாள், ஒரு தடவை அந்தக் குமிழைத் திருப்பிப் பார்த்துவிட்டுச் சவால் விட்டிருக்கலாமே என்று. நல்ல குதிரையை யாராவது ஓட்டிப் பார்த்துத்தான் நம்புவார்களா என்றேன். ஓட்டாத குதிரையை வேறு எப்படி நம்புவது என்று கேட்டுவிட்டு அவள் உள்ளே போய்விட்டாள்.

புதன்கிழமை மாலை, யாரும் இல்லாத நேரம் பார்த்து, தெருக்கோடியில் இருக்கும் காலி மனைக்கு வண்டியை ஓட்டிப் போனேன். மனைவியும் கூட வந்தாள், அழைக்கவில்லை. மழையில் மண் கொழகொழத்துக் கிடந்தது. உறையை எடுத்து மடித்துச் சட்டைப் பையில் வைத்தேன். குமிழைத் திருப்பினேன். உள்ளே எங்கோ 'டிக்' என்று ஒரு சத்தம். எதிரே பலகையில் 'நான்கு' என்ற விளக்கு பச்சையாக மினுக் மினுக்கென்று எரிந்து எரிந்து அணைந்தது.

"பார்த்தியா, தயார்னு சொல்லுது," என்றேன்.

ஆக்ஸிலேட்டரை மிதித்தேன். பின் சக்கரங்கள் இரண்டும் சேற்றை வாரி அடித்தன. முன் சக்கரங்கள் பெண் பார்க்க வந்தவர்கள் மாதிரி கையைக் கட்டிக்கொண்டு சும்மா இருந்தன. மறுபடி குமிழைத் திருப்பினேன். மறுபடி 'டிக்'. விளக்கு மட்டும் விடாமல் கண்ணடித்தது. நான்கைந்து செங்கல்லைச் சக்கரத்துக்கு அடியில் கொடுத்துத்தான் வண்டியை வெளியே எடுத்தோம். செங்கல்லைப் போட்டது மனைவி. நான் ஸ்டீயரிங்கைப் பிடித்திருந்தேன்; யாராவது பிடிக்க வேண்டுமே.

சந்தைத் தெருவில் ஒரு மெக்கானிக் இருக்கிறான். எதைக் கேட்டாலும் முதல் வார்த்தை "பொறுமை" என்பான். அதனால் ஊரே அவனைப் பொறுமை என்றுதான் கூப்பிடுகிறது. கை சுத்தமான ஆள். ஆனால் அவனுடைய பட்டறை தெருவைப் பார்த்துத் திறந்திருக்கும். என் வண்டி அங்கே வயிற்றைத் திறந்துகொண்டு நிற்பதை ஊர் பார்ப்பதா? அவனை வீட்டுக்கே வரச் சொன்னேன். தனியாக வரவேண்டும், யாரிடமும் சொல்லக் கூடாது என்றேன். வியாழக்கிழமை காலை பெட்டியோடு வந்தான். வண்டி நிற்கிற கொட்டகையின் கதவை நான் உள்பக்கம் தாழ் போட்டேன்.

எதிர் வீட்டு டீச்சர் அவன் வருவதைப் பார்த்துவிட்டார். என்ன விஷயம் என்று கேட்டார். தண்ணீர் மோட்டாரைப் பார்க்க வந்திருக்கிறான் என்று சொல்லிவிட்டேன். வண்டியும் மோட்டார்தானே என்று மனதைத் தேற்றிக்கொண்டேன். ஐந்து நிமிஷத்தில் டீச்சர் கதவைத் தட்டினார். அவர்கள் வீட்டுத் தண்ணீர் மோட்டாரும் இரண்டு நாளாகக் கத்துகிறதாம், ஒரு எட்டு வந்து பார்த்துவிட்டுப் போகட்டுமாம். பொறுமை என் முகத்தைப் பார்த்தான். நான் கொட்டகைக் கூரையைப் பார்த்தேன். வேறு வழியில்லாமல் போனான். ஒன்றரை மணி நேரம் கழித்துத் திரும்பி வந்தான், தலையிலிருந்து கால் வரை நனைந்து. ஜென்மத்தில் இதுவரை தண்ணீர் மோட்டாரைப் பிரித்ததே இல்லை என்றான். ஆனால் சரி செய்துவிட்டானாம்.

பிறகு எங்கள் வேலைக்கு வந்தான். முதலில் ஃபியூஸ்களைப் பார்த்தான், நன்றாக இருந்தன. குமிழின் ஒயர்களைப் பார்த்தான்; நன்றாக இருந்தன. முன்னும் பின்னும் கட்டை கொடுத்துவிட்டு வண்டிக்கு அடியில் மல்லாந்து படுத்தான். எந்த இடத்தில் கோளாறு என்று எனக்கும் தெரிய வேண்டும் என்றேன். அடியிலிருந்தே பேசினான்.

"பொறுமை, சொல்றேன். கியர் பெட்டிக்குப் பின்னால இன்னொரு பெட்டி இருக்குங்கய்யா. டிரான்ஸ்ஃபர் கேஸ்னு சொல்லுவோம். எஞ்சின் இழுப்பை முன் சக்கரத்துக்கும் பிரிச்சுக் குடுக்கறது அதுதான். அதோட விலாவுல இந்தா, உள்ளங்கை அளவுக்கு ஒரு மோட்டார் ஒட்டியிருக்கு பாருங்க. நீங்க மேல குமிழைத் திருப்புனா இதுதான் பெட்டிக்குள்ள இருக்கிற தண்டைத் திருப்பி ரெண்ட நாலாக்கும்."

ஒயரைக் கழற்றி மீட்டர் வைத்தான். என்னைக் குமிழைத் திருப்பச் சொன்னான். கரண்ட் பன்னிரண்டு வோல்ட் ஒழுங்காக வந்தது. சுத்தியல் கட்டையால் மோட்டாரை லேசாகத் தட்டினான். ஒரு அசைவும் இல்லை. பேட்டரி ஒயரை எடுத்துவிட்டு, அடித்தகட்டைக் கழற்றி, மோட்டாரின் மூன்று போல்ட்டையும் எடுத்தான். மூன்றாவது போல்ட் துருப்பிடித்து அடம் பிடித்தது. எண்ணெய் விட்டு அரை மணி நேரம் காத்திருந்தான். கழற்றிய மோட்டாரைச் சாக்கின் மேல் வைத்து மூடியைத் திறந்தான். வெளியே நேற்று வாங்கியது மாதிரி இருந்தது. உள்ளே பச்சையும் பழுப்புமாகப் பூத்துப்போயிருந்தது.

"ஐயா, இதை எத்தனை தடவை நாலுல போட்டிருப்பீங்க?"

"ஒரு தடவகூட இல்ல," என்றேன். இதைச் சொல்லும்போது என் முதுகு தானாக நிமிர்ந்தது.

அவன் மூடியைச் சாக்கின் மேல் வைத்தான். "அதான்," என்றான். "ஓடிக் கெட்டுப்போன மோட்டாரு நெறைய பார்த்திருக்கேன். இது ஓடாம செத்திருக்கு. சும்மாவே இருந்து இறுகிப்போச்சு."

கொட்டகை வாசலில் காபியோடு நின்றிருந்த மனைவி, "இந்த வீட்டுல அந்த நோயில போகாத சாமான் எதுப்பா இருக்கு?" என்றாள். பொறுமை சிரிப்பை அடக்கத் தலையைக் குனிந்து போல்ட்டுகளை எண்ணினான். மூன்றே போல்ட், வெகு நேரம் எண்ணினான்.

புது மோட்டாருக்குக் கம்பெனியில் கேட்டதில் மூன்று வாரம் ஆகும் என்றார்கள். ஞாயிறுக்கு மூன்று நாள்தான் இருந்தது. பழைய வண்டியிலிருந்து கழற்றியது எங்காவது கிடைக்குமா பார்க்கிறேன் என்று பொறுமை கிளம்பினான். வெள்ளிக்கிழமை முழுக்க அவனிடமிருந்து தகவல் இல்லை. நான் கூடத்தில் பிளாஸ்டிக் உறை மேல் உட்கார்ந்திருந்தேன். அசையும்போதெல்லாம் சோபா கரகரவென்று கேலி செய்தது. கண்ணை மூடும்போதெல்லாம் ஒரே காட்சிதான்: மஞ்சள் கயிறு, டிராக்டர், அதன் பின்னால் என் டிரக், டிரக்கின் மேல் என் அப்பாவின் அலமாரி. முதல் படத்துக்குப் பக்கத்தில் இன்னொரு ஆணி அடிக்க அந்தச் சுவரில் இடம் இருந்தது என்பதும் எனக்குத் தெரியும்.

அலமாரியை வாடகை வண்டியில் ஏற்றி அனுப்பிவிட்டு, நாம் ஒரு வாரம் கழித்துப் போனால் என்ன என்று மனைவியிடம் கேட்டேன்.

"தாராளமா," என்றாள். "பொண்ணு குடிபோற அன்னிக்கு அப்பன் எங்கன்னு கேட்டா, கயித்துக்குப் பயந்து வீட்டுல படுத்திருக்காருன்னு சொல்லிடறேன்."

சனிக்கிழமை மதியம் பொறுமை வந்தான். கையில் செய்தித்தாளில் சுற்றிய பொட்டலம். பிரித்தான். அதே அளவு, அதே மூன்று ஓட்டை. அழுக்காக, கீறலாக, உழைத்த கை மாதிரி இருந்தது. அதன் ஓரத்தில் நீலப் பெயின்ட் தெறித்துக் காய்ந்திருந்தது.

அந்த நீலம் எனக்குத் தெரியும். எங்கள் சம்பந்தி எப்போதோ ஒரு பீப்பாய் நீலப் பெயின்ட் மலிவாகக் கிடைத்தது என்று வாங்கிவிட்டார். அவர் வீட்டு கேட் அந்த நீலம். தண்ணீர்த் தொட்டி அந்த நீலம். டிராக்டர் மட்கார்டு, கோழிக் கூண்டு, அவருடைய பழைய டிரக் எல்லாம் அந்த நீலம். அந்த டிரக் மேல் மூன்று வருஷத்துக்கு முன்பு மரம் விழுந்துவிட்டது. இப்போது வீட்டுக்குப் பின்னால் கோழிகள் அதில் குடியிருக்கின்றன.

"இது எங்கேர்ந்து வந்துது?" என்றேன்.

"எங்கேர்ந்து வந்தா என்னங்கய்யா, பொருந்துதான்னு பாப்போம்."

"யாருக்குன்னு சொன்னியா?"

"பொறுமை. நான் ஏன் சொல்றேன்? ஏதோ ஒரு பழைய வண்டிக்குன்னுதான் சொன்னேன்."

"பழைய வண்டியா?" என்றேன். அவருடையதைவிட ஒரு வருஷம் புதிய மாடல் என்பதை அவனுக்கு எடுத்துச் சொன்னேன். அவன் கேட்டுக்கொண்டான்.

அரை மணி நேரம் கொடு என்று சொல்லிவிட்டு உள்ளே போனேன். அந்த அரை மணி நேரத்தில் நான் யோசித்ததை இங்கே ஒளிக்காமல் சொல்கிறேன். சம்பந்தி வீட்டுக் கயிற்றில் ஏறுவதும் சம்பந்தி வீட்டு மோட்டாரில் ஏறுவதும் ஒன்றுதானே என்று ஒரு மனம் கேட்டது. கயிறு வெளியே தெரியும், மோட்டார் வண்டியின் வயிற்றுக்குள் இருக்கும் என்று இன்னொரு மனம் சொன்னது. மானம் என்பது வெளியே தெரிகிற இடத்தில்தான் இருக்கிறது என்று பதிவு அலுவலகத்தில் இருந்த காலம் முழுக்கப் பார்த்தவன் நான். எழுந்து போய், "நீலத்தைச் சுரண்டிட்டு மாட்டு," என்றேன்.

பொறுமை கம்பி பிரஷ்ஷால் தேய்த்தான். "பேரை அழிச்சாச்சா?" என்று மனைவி எட்டிப் பார்த்துவிட்டுப் போனாள்.

மாட்டும்போது ஒரு சிக்கல் வந்தது. தண்டு ஒரு நிலையில் இருந்தது, மோட்டார் இன்னொரு நிலையில் இருந்தது. போல்ட் ஓட்டைகள் நேருக்கு நேர் வரவில்லை. பொறுமை விளக்கினான். எங்கள் வண்டியின் தண்டு பிறந்ததிலிருந்து 'இரண்டு' என்ற இடத்திலேயே இருக்கிறதாம். இந்த மோட்டாரோ நான்கிலும் கடைசி நிலையில், மிகக் கடினமான ஏற்றத்துக்குப் போடுகிற நிலையில் நின்றுபோயிருக்கிறதாம். மரம் விழுந்த அன்றும் அந்த வண்டி ஏதோ பாரம் இழுத்துக்கொண்டிருந்திருக்கிறது. ரெண்டையும் ஒரே நிலைக்குக் கொண்டுவராமல் மாட்டினால் பெட்டி போய்விடும் என்றான்.

மோட்டாரை நேராகப் பேட்டரியோடு இணைத்தான். அது ஒரு முறை முனகியது. நின்றது. இன்னொரு முறை முனகியது. பிறகு சாவகாசமாகத் திரும்பி 'இரண்டு' நிலைக்கு வந்து நின்றது.

"என்ன சத்தம் இது?"

"வயசான மோட்டாரு. எந்திரிக்கறப்ப முனகுது. நமக்கில்லையா?" என்றான்.

அவனுக்கு விளக்குப் பிடிக்க ஆள் இல்லை. யாரையும் கூட்டி வரக் கூடாது என்று சொன்னது நான்தான். அதனால் வெள்ளைச் சட்டையோடு நானே வண்டிக்கு அடியில் போனேன். என் வண்டியை அடியிலிருந்து நான் பார்த்தது அன்றுதான். ஏழு வருஷம் துடைத்துத் துடைத்து வைத்த வண்டியில் அந்தப் பக்கம் மட்டும் துணி படவில்லை. ஒரு சொட்டு எண்ணெய் நேராக என் நெற்றியில் விழுந்தது. மோட்டாரைத் தண்டில் செருகி, போல்ட்டை மாறி மாறி முறுக்கி, ஒயரை மாட்டி, பேட்டரியை இணைத்தான். நான் போய்க் குமிழைத் திருப்பினேன். அடியில் இரண்டு முனகல். பச்சை விளக்கு கண்ணடிக்காமல் நின்று எரிந்தது. நெற்றி எண்ணெயை அப்போதுதான் துடைத்தேன்.

கை கழுவும்போது பொறுமை ஒரு கட்டளை போட்டான். மாதம் ஒரு முறையாவது இதை நாலில் போட்டு ஓட்ட வேண்டும். ஆனால் தார் ரோட்டில் போடக் கூடாது. காய்ந்த ரோட்டில் நான்கு சக்கரமும் இழுத்தால் பெட்டி முறுக்கிக்கொள்ளும். மண்ணோ சேறோ, வழுக்குகிற இடமாகப் பார்த்து ஓட்ட வேண்டும். "இல்லன்னா இதுவும் உங்க பழைய மோட்டாரு வழியில போயிடும். அப்புறம் மேட்டுல ஏறிக் கேக்க வேற மோட்டாரு இல்ல," என்றான். மேடு என்ற வார்த்தையை மட்டும் மெதுவாகச் சொன்னான்.

ஞாயிறு விடியற்காலையும் மழை. அலமாரியைப் போர்வை சுற்றி, பின்னால் படுக்க வைத்துக் கட்டினோம். எட்டு மணிக்கு அடிவாரத்துக்கு வந்துவிட்டோம். தார் முடிகிற இடத்தில் வண்டியை நிறுத்தினேன். பாதை பாதையாகவே இல்லை; பிசைந்து வைத்தது மாதிரி கிடந்தது. இரண்டாவது வளைவில் டிராக்டர் நிற்பது கீழிருந்தே தெரிந்தது. அந்த நீல மட்கார்டின் பக்கத்தில், கையில் மஞ்சள் கயிற்றோடு சம்பந்தி. வீட்டிலேயே வைத்துவிட்டு வரச் சொன்ன கயிறு. மாப்பிள்ளை செல்போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு கொஞ்சம் தள்ளி நின்றார்.

"என்னங்க," என்றாள் மனைவி, "ஏறலன்னா என்ன பண்ணுவீங்க?"

"எறங்கி நடந்தே போவேன். கயித்துல மட்டும் ஏற மாட்டேன்."

"அலமாரி?"

நான் குமிழைத் திருப்பினேன். முனகல் ஒன்று. வைப்பர் இரண்டு முறை ஓடியது. எனக்கு அது இரண்டு வருஷம் ஓடியது மாதிரி இருந்தது. முனகல் இரண்டு. விளக்கு நின்று எரிந்தது.

முதல் வளைவில் பின்பக்கம் ஒரு முறை வழுக்கியது. உடனே முன் சக்கரங்கள் மண்ணைக் கவ்வி இழுத்ததை என் கை உணர்ந்தது. நான் சாய்ந்து உட்காரவில்லை, கழுத்தைத் திருப்பவில்லை. இரண்டாவது வளைவில் சம்பந்தியைக் கடக்கும்போது நேரே பார்த்தபடி போக வேண்டும் என்று மூன்று நாளாகப் பயிற்சி செய்திருந்தேன். அப்படியே போனேன். கடைக்கண்ணில் மட்டும் தெரிந்தது: அவர் வண்டியைப் பார்க்கவில்லை. தலையைச் சாய்த்து, காதைக் கொடுத்துக் கேட்டுக்கொண்டிருந்தார்.

உச்சியில் வண்டி நின்றது. மகள் ஓடி வந்தாள். மாப்பிள்ளை படம் எடுத்தாரா என்று முதலில் விசாரித்தேன். சரியான நேரத்தில் லென்ஸில் மழைத் துளி விழுந்துவிட்டது, ஒரு வெள்ளைப் பொட்டுதான் தெரிகிறது என்றார் பின்னால் ஏறி வந்த மாப்பிள்ளை. ஏழு வருஷம் காத்திருந்த படம் அது.

நான்கு பேர் சேர்ந்து அலமாரியை இறக்கினார்கள். வீட்டுக்குள் வைத்த இரண்டாவது நிமிஷமே மகள் ஆறு கதவையும் திறந்து, மழையில் நனைந்த துணிகளை உள்ளே போட ஆரம்பித்தாள். நான் வாயைத் திறப்பதற்குள் மனைவி என் கையைப் பிடித்து அழுத்தினாள்.

நான் கொட்டும் நீரைப் பார்த்தபடி வண்டியோரம் நின்றபோது சம்பந்தி பக்கத்தில் வந்தார். சுற்றிலும் யாரும் இல்லை என்று பார்த்துக்கொண்டார். குரலைத் தாழ்த்தினார்.

"சம்பந்தி, அதுக்கு ரெண்டு தடவ முனகறது பழக்கம். பயப்பட வேணாம். மூணாவது முனகல் கேட்டாத்தான் கழட்டிப் பாக்கணும்."

அவருக்குத் தெரிந்திருக்கிறது; ஆனாலும் நான் விட்டுக்கொடுக்கவில்லை. "எந்த மோட்டார சொல்றீங்க?" என்றேன்.

அவர் என் முகத்தைப் பார்த்தார். பிறகு மழையைப் பார்த்தார். "எந்த மோட்டாரா இருந்தாலும் சம்பந்தி. பொதுவா சொன்னேன்," என்றார்.

மாப்பிள்ளையோ மகளோ கேட்கும்படி அவர் அதைச் சொல்லியிருக்கலாம். அன்று கூடத்தில் இருபது பேர் இருந்தார்கள்; ஒரு வார்த்தை போதும். சொல்லவில்லை. அன்று மட்டுமல்ல, இன்றுவரை சொல்லவில்லை.

சாப்பாட்டுக்கு அவர் வீட்டுக் கூடத்துக்குப் போனோம். எதிரே அந்தப் படம். இனியாவது அதை எடுக்கச் சொல்லலாம் என்ற தைரியம் எனக்கு வந்திருந்தது. மகளிடம் ஜாடையாகச் சொன்னேன், உங்கள் மாமா மாட்டியதை அவரே எடுத்தால் நன்றாக இருக்கும் என்று.

"அது மாமா மாட்டுனதில்லப்பா. எடுத்ததும் நான், மாட்டுனதும் நான்," என்றாள். "உங்க ரெண்டு பேரையும் வச்சு எடுத்த படம் எல்லாத்துலயும் நீங்க ஒரு பக்கம் பாத்துட்டு நிப்பீங்க, அவரு ஒரு பக்கம் பாத்துட்டு நிப்பாரு. ரெண்டு பேரும் ஒரே பக்கம் பாத்துட்டுப் போறது அது ஒண்ணுலதான்."

கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கிட்டே போய்ப் பார்த்தேன். டிராக்டரில் அவர், காரில் நான், நடுவே கயிறு. உண்மைதான். திசை ஒன்றாகத்தான் இருந்தது. என் சட்டைக் காலரும் சரியாக நின்றிருந்தது. எடுக்க வேண்டாம் என்று விட்டுவிட்டேன்.

எங்கள் வீட்டுச் சுற்றுவட்டாரத்தில் முழுக்கத் தார் போட்டுவிட்டார்கள். தெருக்கோடிக் காலி மனையிலும் யாரோ வீடு கட்ட ஆரம்பித்துவிட்டார்கள். பொறுமை சொன்னபடி வண்டியை நாலில் போட்டு ஓட்ட, வழுக்குகிற இடம் என்று ஒன்றுதான் மிச்சம். அதனால் மாதத்தில் முதல் ஞாயிறு நான் மேட்டுக்குப் போகிறேன். இது மோட்டாருக்காகச் செய்கிற காரியம். உறவுக்காக என்று யாராவது சொன்னால் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். முழங்கால் வலி நின்றுவிட்டது; அது வேறு விஷயம். வெல்வெட் உறையில் மனைவி இப்போது புதிதாக வாங்கிய காது மிஷினை வைத்துக்கொள்கிறாள். நான் பேசும்போதெல்லாம் அது உறைக்குள்தான் இருக்கிறது.

ஒவ்வொரு முறையும் இரண்டாவது வளைவில் சம்பந்தி நிற்கிறார், தலையைச் சாய்த்து முனகலை எண்ணிக்கொண்டு. குமிழை இப்போது அந்த வளைவுக்குக் கொஞ்சம் முன்னால்தான் திருப்புகிறேன்; வழுக்கல் அங்கேதான் அதிகம். இதுவரை இரண்டைத் தாண்டவில்லை. நான் அவருக்காக வண்டியை நிறுத்துவதில்லை. வளைவில் வேகத்தைக் குறைப்பது ஓட்டுகிறவனின் கடமை, அதனால் குறைக்கிறேன். குறைந்த வேகத்தில் ஒருவர் கதவைத் திறந்து ஏறிக்கொண்டால் அதற்கு நான் பொறுப்பில்லை. கயிற்றை மட்டும் மடியில் வைத்துக்கொள்ளாமல் பின்னால் போடச் சொல்லியிருக்கிறேன்.